அண்ணனைக் காட்டிக்கொடுத்த ஆட்காட்டி

இந்தியாவுக்குப் போய் வந்தாயே, கன்னியாகுமரியில் என்ன பார்த்தாய் என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். மூன்று கடலும் சேருகிற இடம் பார்த்தாயா, சூரியன் எழும்புவதைப் பார்த்தாயா என்கிறார்கள். இல்லை. கடல் பக்கமே போகவில்லை. ஒரு குளம் பார்த்தேன். குளத்தை ஒட்டி வயல் பார்த்தேன். ஒரு பறவை பார்த்தேன். அந்தப் பறவை எங்கள் ஊரிலும் இருக்கிறது.

நான் வன்னியில் கமம் செய்கிறவன், நெல் விதைக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. வாசிகசாலை மலருக்கு எழுது, போய் வந்ததை உள்ளபடி எழுது என்று கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் அண்ணன் சண்டைக் காலத்தில் படகேறி அந்தப் பக்கம் போனவர். நான் அம்மாவோடு நின்றுவிட்டேன். பிறகு நாங்கள் நேரில் காணவில்லை. அவர் அங்கே அகதி முகாமிலேயே கல்யாணம் கட்டினார். மனைவி காலமாகிவிட்டா. ஒரே மகள், சுகந்தி. அவள் அங்கேதான் பிறந்தாள். புருஷன் கேரளத்தில் பெயின்ட் வேலை. இவள் நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். மாசி மாதம் அவள் போன் எடுத்தாள்.

"சித்தப்பா, அப்பாக்கு ஆள் தெரியாம போவுது. சில நேரம் என்னையே யாருன்னு கேக்காரு. ஒங்க பேர மட்டும் விடாம சொல்லுதாரு. அதும் மறக்கதுக்குள்ள ஒருக்கா வந்திருங்க."

அதுதான் பயணத்தின் காரியம். அண்ணன் என்னை மறந்து முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

போன வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ் ஆரல்வாய்மொழி வந்தபோதுதான் நித்திரை கலைந்தது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் வழி, அந்த வழியால் காற்று. வெள்ளைத் தூண்களில் காற்றாடிகள் எண்ண முடியாத அளவுக்கு நின்றன. பாதி சுற்றின, பாதி சும்மா நின்றன. பக்கத்தில் இருந்தவர் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"கரண்டு எடுக்கதாக்கும். காத்து இருந்தா சுத்தும். இல்லேன்னா சும்மா நிக்கும், எனக்க மருமவன மாதிரி" என்றார்.

அவருடைய மருமகன் பின் இருக்கையில் இருந்தான். அவனும் சிரித்தான்.

இறங்கிய இடத்துக்கு சுகந்தி ஆட்டோ அனுப்பியிருந்தாள். ஓட்டுகிறவர் பெயர் பஷீர், கோட்டாறுக்காரர். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் அவர்தான்.

"இலங்கச் சித்தப்பா நீங்கதானா?"

"ஓம்."

"ஓமமா? அது மருந்துக்கடையிலல்லா கிடைக்கும்."

ஓம் என்றால் ஆமாம் என்று விளங்கப்படுத்தினேன். அவர் அன்று முழுக்க எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

கொட்டாரம் தாண்டி வயல் ஓரமாக முகாம். வரிசை வீடுகள், கல்நார்க் கூரை. வாசலில் தங்கப்பன் என்பவரின் பெட்டிக்கடை. அவர் உள்ளூர்க்காரர். களைப்பாக இருந்தது. தேத்தண்ணி ஒன்று தாருங்கள் என்றேன்.

"தேத்தாங்கொட்டை போட்ட தண்ணியா? அதெல்லாம் இப்பம் யாரு போடுதா?" என்றார்.

பஷீர் இடையில் புகுந்து, "கட்டஞ்சாயா போடும் வேய்" என்றார். கறுப்புத் தேநீர் வந்தது. நல்ல தேநீர். குடிக்கும்போது தங்கப்பன், "மட்டி வேணுமா அண்ணாச்சி? நல்ல மட்டியாக்கும்" என்றார். எங்களுக்கு மட்டி என்றால் களப்புச் சேற்றில் கிடக்கும் சிப்பி. வேக வைக்காமலா என்று கேட்டேன்.

"வேவிச்சா கொழைஞ்சுல்லா போவும்" என்று ஒரு சீப்பை நீட்டினார். விரல் நீளத்தில் மஞ்சள் வாழைப்பழம். மூன்று தின்றேன். நல்ல இனிப்பு. இங்கேயும் தமிழ்தான், ஆனால் சொல்லை நம்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததைக் கடைசி வரை நினைவில் வைத்திருந்திருக்கலாம்.

அண்ணன் வாசலில் கதிரையில் இருந்தார், பக்கத்தில் சுகந்தி நின்றாள். மெலிந்துவிட்டார். காது மட்டும் எங்கள் அப்பாவுடைய காது. என்னைக் கண்டதும் எழும்பினார்.

"வாங்கோ ஐயா, இருங்கோ. பதிவுக்கோ வந்தனீங்கள்?"

முகாமில் ஆள் கணக்கெடுக்க வருகிற உத்தியோகத்தர் என்று நினைத்துவிட்டார். கதிரையை எனக்குத் தந்துவிட்டுத் தான் நின்றார்.

"அண்ணை, நான் சின்னவன்."

"எந்தச் சின்னவன்?"

"உங்கட தம்பி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமில்லை. தெரியாத ஒருவருக்குத் தெரியப்படுத்துகிற மாதிரிச் சொன்னார். "என்ர தம்பி சின்னப் பெடியன் ஐயா. அவனுக்கு இன்னும் மீசை முளைக்கேல்லை."

அது சரிதான். அவர் படகேறும்போது எனக்கு மீசை இல்லை.

சுகந்தி உள்ளே போய்விட்டாள். நான் கதிரையில் இருந்தேன். பிந்திவிட்டேன் என்று நினைத்தேன்.

இரவு புட்டு. இவர்கள் புட்டோடு பயறும் பப்படமும் வைத்து நொறுக்கிப் பிசைந்து சாப்பிடுகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் கையை வைக்காமல் இருந்தார்.

"சம்பல் எங்க?" என்றார்.

"தெனமும் இதுதான் சித்தப்பா. செய்து குடுத்தா இது சம்பல் இல்லம்பாரு" என்றாள் சுகந்தி.

நான் எழும்பிப் போய், செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் இடித்து, தேங்காய்ப்பூவைப் போட்டு மீண்டும் இடித்தேன். தேசிக்காய் இருந்தது. பிழிந்தேன். அண்ணன் பேசாமல் சாப்பிட்டார். முடித்துவிட்டு, "ஐயாவுக்கும் போடு" என்றார். அன்றைக்கு அது போதும் என்றிருந்தது.

அடுத்த நாள் விடியவே நான் எழும்பிவிட்டேன். அண்ணன் படுத்திருந்தார். சுகந்தி வீட்டில் நின்றதால் நான் குளக்கரைக்கு நடந்தேன். எங்கள் குளங்களுக்குச் சுற்றிலும் காடு. இங்கே குளத்தைச் சுற்றி ஊர், தென்னை, தேவாலயக் கோபுரம், பின்னால் மலை. அறுவடை முடிந்திருந்தது. ஒரு உழவு இயந்திரத்துக்குப் பின்னால் வெள்ளைக் கொக்குகள் சம்பளத்துக்கு வந்தவை போல வரிசையாக நடந்தன.

கரையில் ஒரு பெண், கழுத்தில் தூரக்கண்ணாடி, காலில் பெரிய சப்பாத்து. ஜெசி டீச்சர், நெய்யூர்ப் பக்கத்தவர். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன் வந்து பறவை பார்ப்பாராம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் தந்தார்.

"பாருங்க அண்ணா. கூச்சப்படாதீங்க. பறவ பாக்கதுக்கு யாருக்க அனுமதியும் வேண்டாம்."

தண்ணீருக்குள் கருப்பு வெள்ளையில் சில நின்றன. கால் மட்டும் சிவப்பு, குச்சி போல நீளம். எங்கள் பக்கமும் இருக்கிறது. பெயர் கேட்டதில்லை.

"நெடுங்கால் உள்ளான். பேருக்கு ஏத்த காலு. தண்ணிக்குள்ளேயே நிக்கும்" என்றார்.

அப்போது குளத்தின் அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. என் கால் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டேன்.

"அது ஆள்காட்டி. ஒங்க ஊருல உண்டா?"

"உண்டு. ஆட்காட்டி என்போம்."

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். அந்தப் பறவை பெயருக்கேற்றபடி செய்யும். பற்றைக்குள் ஆள் ஒளித்துக் கிடந்தால் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். துவக்கோடு தேடி வருகிறவர்களுக்கு அது போதும். நானும் அண்ணனும் அப்படிக் கிடந்திருக்கிறோம். கத்தினால் குந்து, அசையாதே, அசையாமல் இருந்தால் அது களைத்துப் போய்விடும் என்று அண்ணன் காதுக்குள் சொல்வார். பக்கத்து வளவுக்காரன் ஒருவன் பொறுக்காமல் எழும்பி ஓடினான். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

டீச்சருக்கு அது தெரியாது. அவர் தன் சங்கடத்தைச் சொன்னார்.

"எங்கேயோ முட்ட போட்டிருக்கு அண்ணா. இந்தச் சத்தம் முட்ட வச்சிருக்க சத்தம். எனக்கு எடம் பிடிபடல. கூடு கெட்டாது பாத்தியளா, வெறுந்தரையில போடும். மண்ணும் முட்டையும் ஒரே நெறம். டிராக்டரு ஏறிரும்னு பயமா இருக்கு."

பறந்துகொண்டிருந்த இரண்டை அவர் காட்டினார். இரண்டும் கத்தின. ஒன்று உள்ளான், ஒன்று ஆட்காட்டி. தூரத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

"நல்லா பாருங்க. உள்ளானுக்கு ரெக்க முழுக்க கருப்பு, காலு வாலுக்குப் பின்னால நீட்டிக்கிட்டு போவும். ஆள்காட்டிக்கு ரெக்கையில வெள்ளப் பட்ட. காலு பின்னால அவ்வளவா நீளாது. பக்கத்துல வந்தா மூக்குக்கிட்ட செவப்பு தெரியும். உள்ளான் தண்ணிக்காரன். ஆள்காட்டி தண்ணிக்குப் பக்கத்துல இருக்கும், ஆனா காஞ்ச தரையிலதான். ரெண்டும் மனுசரக் கண்டா கத்தும்."

நான் பார்த்தேன். வெள்ளைப் பட்டை தெரிந்தது. இத்தனை வருடம் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். ஆளைப் பார்த்ததில்லை. பார்க்க வடிவான பறவைதான்.

திரும்பி வந்தபோது சுகந்தி வேலைக்கு வெளிக்கிட்டாள். கதவை வெளியே பூட்டினாள். உள்ளே அண்ணன்.

"என்ன இது?" என்றேன்.

"வேற வழி இல்ல சித்தப்பா. எறங்கி நடந்திருவாரு. ரெண்டு தடவ ரோட்டுல இருந்து கூட்டிட்டு வந்தாவ."

"நான் நிற்கிறேன். பூட்டாதை."

அவள் என்னைப் பார்த்தாள். பூட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போனாள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன் குழம்போடு சாப்பிட்டோம். எங்கள் மரவள்ளியைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அண்ணன் என்னிடம் இரண்டு முறை ஊர் எது என்று கேட்டார். நான் இரண்டு முறையும் சொன்னேன். நல்ல ஊர் என்றார். பின்னேரம் பஷீர் எட்டிப் பார்த்தபோது, குளத்துத் தண்ணீரில் நின்ற நெட்டைக்கால் பறவையைப் பற்றி அவருக்குச் சொன்னேன்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. சுகந்தி போன பிறகு நான் குழாயடியில் தலைக்கு வார்த்துவிட்டு வந்தேன். கதவு திறந்திருந்தது. அண்ணன் இல்லை. அவருடைய செருப்பு வாசலில் இருந்தது. பூட்டு நான் வைத்த இடத்தில் ஜன்னலில் இருந்தது.

தங்கப்பன் கடைக்கு ஓடினேன்.

"பெரியவரா? அவரு பத்துலல்லா போனாரு, நான் பாத்தேனே" என்றார்.

ரோட்டில் அதே நேரம் பத்து என்று போட்ட பஸ் ஒன்று வந்து நின்றது. முந்தின பத்தில் அண்ணன் ஏறிவிட்டார் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. ஏறிவிட்டேன். ஈரத் துவாய் தோளில் கிடந்தது.

கண்டக்டர் வந்தார். "டிக்கெட் எடுத்தியளா?"

நான் அவரிடம் அண்ணனைப் பற்றிக் கேட்டேன். வயதானவர், மெலிந்தவர், சாரம் கட்டியிருப்பார், செருப்பில்லை.

"அண்ணாச்சி, காலம்பற இருந்து ஒரு ஊரு பெரியவங்க ஏறி எறங்கியாச்சு. ஒவ்வொருத்தருக்க காலயும் குனிஞ்சா பாக்க முடியும்? டிக்கெட் எடுத்தியளா, அத சொல்லுங்க."

எடுத்தேன். வடசேரி நிலையம் வரை போனேன். ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்தேன். கழிப்பறையில் பார்த்தேன். டீக்கடையில் பார்த்தேன். சாரம் கட்டின வயதானவர் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோளைப் பிடித்துத் திருப்பினேன். வேறு ஆள். அவர் ஏசவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு விசாரித்து விசாரித்து சுகந்தியின் கடைக்குப் போனேன். அவள் சேலை மடித்துக்கொண்டு நின்றாள். நான் சொல்வதற்கு முன்பே சேலையை வைத்துவிட்டாள்.

"தங்கப்பண்ணாச்சி என்ன சொன்னாவ? சொன்னத அப்படியே சொல்லுங்க."

"பத்தில் போனார் என்றார். அதுதான் பத்து பஸ்ஸில் ஏறி..."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சித்தப்பா! பத்துன்னா வயலாக்கும்! கொளத்துக்குக் கீழ உள்ள வயலு முழுசும் பத்து! அப்பா வயலுல எறங்கிப் போயிருக்காரு!"

எனக்கு அந்தச் செருப்பு நினைவு வந்தது. பஸ்ஸில் போகிறவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போவான். வயலுக்குப் போகிறவன்தான் கழற்றி வைப்பான். கமக்காரனாகிய எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பஷீர் ஆட்டோவைக் கொண்டுவந்தார். வழியில் அவர் ஓம் சொல்லவில்லை. சுகந்தி ஒரே ஒரு முறை பேசினாள். "நான் பூட்டிட்டே போயிருப்பேன்" என்றாள். அவள் சொன்னது சரி.

கரையில் ஏறி நின்றோம். ஒரு பக்கம் குளம், அல்லியும் தாமரையும் மூடின தண்ணீர். மறு பக்கம் பத்து. கண் எட்டுகிற வரைக்கும் தாள் மண்டிய வயல், அதற்குள் கொக்கு, உழவு இயந்திரம். மண் நிறத்தில் சாரம் கட்டின ஒரு மனிதனை அதற்குள் எப்படிப் பார்ப்பது. வெயில் உச்சியில் நின்றது. சுகந்தி அப்பா அப்பா என்று கூப்பிட்டாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அவள் குரல் எங்களுக்கே திரும்பி வந்தது.

நான் ஆளைத் தேடவில்லை. பறவையைப் பார்த்தேன்.

கொக்கு ஆளைக் கண்டால் எழும்பி வேறிடம் போய்விடும். கரையின் கோடியில், கோரைப் புல்லுக்கு அப்பால், ஒரு பறவை போகாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே இறங்கும், ஏறும், திரும்பி வரும். சத்தம் எங்கள் பக்கம் வரவில்லை. பஷீரும் அதைக் கண்டுவிட்டார்.

"அது கொளத்துக்கு மேலல்லா சுத்துகு!" என்று சட்டையைக் கழற்றத் தொடங்கினார். "நேத்து நீங்க சொன்னியளே, தண்ணியில நிக்க நெட்டக்கால் பறவ, அதுதான இது? பெரியவரு தண்ணிக்குள்ளயாக்கும்! நான் எறங்குதேன்."

சுகந்தி கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொறுங்கோ" என்றேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். வெயிலில் கருப்பும் வெள்ளையும் கலங்கின. உள்ளான் என்றால் தண்ணீர். ஆட்காட்டி என்றால் தரை. அது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது மேலே போனது. சரிந்து திரும்பியது. திரும்பும்போது சிறகில் வெள்ளைப் பட்டை. வாலுக்குப் பின்னால் நீட்டின கால் இல்லை.

"ஆட்காட்டி. தண்ணிக்குள்ளை இல்லை. காய்ந்த தரையில் இருக்கிறார். நடவுங்கோ."

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை. ஆள் நடந்தால் ஆட்காட்டியும் கூடவே நகரும். இது ஒரே இடத்தில் சுற்றியது. கீழே இருக்கிறவர் அசையவில்லை.

கோரையை விலக்கிக்கொண்டு முன்னால் நான் போனேன். தண்ணீர் வற்றி வெடித்த தரை, சிறு கல், காய்ந்த சாணி. நடுவில் அண்ணன். குந்தியிருந்தார். கை இரண்டும் முழங்காலில். தலை குனிந்திருந்தது. ஆட்காட்டி என் காதோரம் வந்து போனது. அண்ணன் அசையவில்லை.

"அண்ணை."

அவர் மெதுவாக ஒரு விரலைத் தூக்கி உதட்டில் வைத்தார்.

"ஸ்ஸ். சத்தம் போடாதை, சின்னவன். குந்து. ஆட்காட்டி கத்துது."

நான் குந்தினேன். அவர் பின்னால் பார்த்தார். "அவையளையும் குந்தச் சொல்லு."

கையைக் காட்டினேன். சுகந்தி குந்தினாள். பஷீர் பாதிச் சட்டையோடு குந்தினார்.

"எதுக்கு இப்பம் குந்தணும்?" என்று என் முதுகுக்குப் பின்னால் மெல்லக் கேட்டார்.

"அது கத்தி முடியட்டும்."

"அது முடிக்காதே சித்தப்பா. கேட்டியளா, என்ன சொல்லுகுன்னு? டிக்கெட் எடுத்தியா, டிக்கெட் எடுத்தியான்னுல்லா கேக்கு."

அப்படித்தான் கேட்டது. பிறகு எனக்கு வேறு விதமாகக் கேட்கவே இல்லை.

நாலு பேரும் வெயிலில் குந்தியிருந்தோம். பறவை ஓயவில்லை. நான் தரையைப் பார்த்தேன். அண்ணனுடைய பெருவிரலுக்கு ஒரு முழம் தள்ளி, சின்னக் கல் நாலைந்துக்கு நடுவே, மண் கட்டி போல நாலு கிடந்தன. மண் கட்டி அல்ல. கரும்புள்ளி போட்ட முட்டைகள். கூர் முனை நாலும் உள்பக்கம் பார்த்திருந்தன.

அப்போது எனக்கு விளங்கியது. பறவை கத்துகிறது என்று அண்ணன் அசையாமல் இருக்கிறார். அண்ணன் அசையாமல் இருக்கிறார் என்று பறவை கத்துகிறது. காலையிலிருந்து இரண்டு பேரும் ஒருவர் போக ஒருவர் காத்திருந்திருக்கிறார்கள்.

"அண்ணை, முட்டை" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப எங்களுக்குக் கத்தேல்லையோ?"

"இல்லை அண்ணை. முட்டைக்குத்தான்."

"ஆக்கள் ஒருத்தரும் வரேல்லையோ?"

"ஒருத்தரும் வரேல்லை. வரமாட்டினம். எல்லாம் முடிஞ்சுது."

என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். கால் மரத்துப் போயிருந்தது. முட்டையை மிதிக்காமல் பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தோம். கோரைக்கு இந்தப் பக்கம் வந்ததும் சத்தம் நின்றது. பறவை இறங்கியது. மஞ்சள் காலால் கொஞ்சம் ஓடியது, நின்றது, கொஞ்சம் ஓடியது. முட்டை மேல் வயிற்றை வைத்து அமர்ந்தது. அதற்குப் பிறகு அது இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

சுகந்தி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பஷீர் சட்டையைப் போட்டார், பொத்தானை மாற்றிப் போட்டார். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். கரையில் ஏறும்போது சொன்னார்.

"உனக்கு மீசை நரைச்சிட்டுதடா."

"ஓம் அண்ணை."

"அம்மா எப்படி இருக்கிறா?"

அம்மா இல்லை. போய்க் கனகாலம். "சுகமாக இருக்கிறா" என்றேன். அன்று அவ்வளவும் சொல்ல வேண்டியதில்லை.

தங்கப்பன் கடையில் எல்லாருக்கும் கட்டஞ்சாயா. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர், "பத்துன்னா பஸ்ஸா! அண்ணாச்சி, மட்டின்னா மீனு, பத்துன்னா பஸ்ஸு. ஒங்கள நாங்க தமிழ் படிக்க வைக்கணும்" என்றார். பஷீர் உடனே, "இவரு மட்டி தின்னதுல வந்த வெனையாக்கும்" என்றார். மட்டி என்றால் அங்கே முட்டாளுக்கும் சொல்வார்களாம். நானும் சிரித்தேன். அண்ணன் எல்லாரையும் விடக் கூடச் சிரித்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

மாலை ஜெசி டீச்சர் வந்தார். தூரத்தில் நின்று கண்ணாடியால் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். முட்டைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கம்பை நட்டு, சுகந்தியின் சிவப்பு ரிப்பனைக் கட்டினார். உழவு இயந்திரக்காரரிடம் போய்ச் சொன்னார். அவரும் சரி என்றார்.

"நான் எத்தன நாளா தேடுதேன், நீங்க இருந்த இருப்புல கண்டுபிடிச்சிட்டியளே அப்பா" என்று அண்ணனிடம் சொன்னார்.

"அதுதான் என்னைக் கண்டுபிடிச்சது பிள்ளை" என்றார் அண்ணன்.

அன்றிரவு அண்ணன் நிறையக் கதைத்தார். எங்கள் மாடுகளின் பெயர்களைச் சொன்னார். ஒரு மாட்டின் பெயர் எனக்கே மறந்திருந்தது. சம்பலைச் சாப்பிட்டு, உறைப்பு காணாது என்றார். நான் நித்திரை கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் அவர் என்னைக் கண்டு எழும்பி நின்று, "ஐயா, பதிவு முடிஞ்சுதோ?" என்றார்.

"முடிஞ்சுது" என்றேன். பொய்யில்லை. நான் வந்த காரியம் முடிந்துதான் இருந்தது. முந்தி நினைத்த மாதிரி மனம் பாரமாகவும் இல்லை.

வெளிக்கிடும்போது பூட்டை சுகந்தியிடம் கொடுத்தேன். அவள் வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டாள். இப்போது பகலில் தங்கப்பன் பார்த்துக்கொள்கிறார். அண்ணனுக்குக் கடையோரம் ஒரு கதிரை போட்டிருக்கிறார். மாலையில் அவள் அவரைக் கரைக்குக் கூட்டிப் போகிறாள். குஞ்சு பொரித்துவிட்டதாம். பஞ்சுக்குக் கால் முளைத்த மாதிரி ஓடுகிறதாம். அண்ணன் அதைப் பார்த்து, ஆக்கள் வரேல்லை, முட்டைக்குத்தான் கத்துது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறாராம். போனில் சொன்னாள்.

இங்கே என் வயலிலும் ஆட்காட்டி கத்துகிறது. முந்தி என்றால் மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிடுவேன். இப்போது காலடியைப் பார்க்கிறேன். முட்டை கிடந்தால் விலகி நடக்கிறேன். இல்லாவிட்டால், டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று அதற்குச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.